திரை சொன்ன ‘தோல்வி’: கைபேசிக் கட்டணச் சேவை ஒன்றில் நம்பிக்கை சரிந்தது எப்படி, மீண்டது எவ்வளவு

## பின்னணி

கைபேசி வழியே பணம் அனுப்பவும் பெறவும் உதவும் செயலி ஒன்றை நடத்தும் நிறுவனம் இது. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். நாடு, பெயர், கூட்டு வங்கி எதுவும் இங்கே வராது. சிக்கல் அடங்கிய பிறகு புகார்களை ஆராய்வதற்காக வெளியிலிருந்து அழைக்கப்பட்டதால் நான் நேரில் பார்த்தவை குறைவு. பரிவர்த்தனைப் பதிவுகள், சேவை மையத்தின் ஒலிப்பதிவுகள், கூட்டக் குறிப்புகள், பின்னர் வாடிக்கையாளர்களிடமும் ஊழியர்களிடமும் கேட்டறிந்தவை ஆகியவையே இந்த ஆய்வுக்கு ஆதாரம்.

செயலி சில ஆண்டுகளாகச் சொல்லிக்கொள்ளும்படியான கோளாறு இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பயனர்களில் ஒரு பகுதியினர் பணம் செலுத்துவோர். மறு பகுதியினர் கடையில் க்யூஆர் குறியீட்டை ஒட்டிவைத்துப் பணம் பெறும் சிறு வணிகர்கள். நிறுவனத்தின் கவனம் முழுவதும் முதல் பிரிவினர் மேல்தான் இருந்தது. விளம்பரம், சலுகை, கருத்துக்கணிப்பு எல்லாமே அவர்களுக்குத்தான். வணிகர்களைச் சேர்ப்பதற்கு ஒரு விற்பனைக் குழு இருந்தது. சேர்ந்த பிறகு அவர்களைக் கவனிக்க எவரும் இல்லை. இது பின்னால் பெரிய விலை கேட்டது.

சேவை இயங்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடந்ததைப் புரிந்துகொள்ள அது வேண்டும். செலுத்துபவர் கடவு எண்ணை இட்டதும் கோரிக்கை நிறுவனத்தின் சர்வருக்கும், அங்கிருந்து நிறுவனத்தின் கூட்டு வங்கி வழியே அவருடைய வங்கிக்கும் போகிறது. வங்கி கணக்கில் பற்று வைத்துவிட்டுப் பதில் அனுப்புகிறது. அதன் பேரில் பெறுபவரின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. வழக்கமாக எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். குறித்த நேரத்துக்குள் வங்கியின் பதில் வராவிட்டால் சர்வர் காத்திருப்பதை நிறுத்திக்கொள்ளும். அப்போது திரையில் சிவப்பு வட்டத்துக்குள் ‘பரிவர்த்தனை தோல்வி. மீண்டும் முயலவும்’ என்று வரும். அந்த வாசகத்தை எழுதியவர் யார் என்று கேட்டேன். நிறுவனத்தில் எவருக்கும் நினைவில்லை. முதல் பதிப்பிலிருந்தே அது அங்கே இருந்திருக்கிறது.

பதில் வராதது வேறு, பரிவர்த்தனை நடக்காதது வேறு. கோரிக்கை போகும் வழியில் தொலைந்திருக்கலாம். அப்படியானால் பணம் அசைந்திருக்காது. கோரிக்கை போய்ச் சேர்ந்து, பற்று வைக்கப்பட்டு, பதில் மட்டும் திரும்பும் வழியில் தொலைந்திருக்கலாம். அப்படியானால் பணம் போய்விட்டது. அனுப்பிய இடத்தில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினித் துறையில் இதற்கு ‘இரு தளபதிகள் சிக்கல்’ என்று பெயர்; 1978 இல் கணினி அறிஞர் ஜிம் கிரே அந்தப் பெயரைச் சூட்டினார். நம்பகமற்ற தொடர்பின் மீது இரு தரப்பும் முழு உறுதியோடு உடன்படுவதற்கு வழி கிடையாது என்பது நிறுவப்பட்ட முடிவு. நிறுவனத்தின் பொறியாளர்கள் அனைவருக்கும் இது பாடமாகத் தெரியும். ஆனால் அவர்கள் கட்டிய திரைக்குத் தெரியவில்லை. அதனிடம் வெற்றி, தோல்வி என்று இரண்டே பதில்கள் இருந்தன.

## அந்த மாலை

மாதத்தின் முதல் வேலைநாள். வாடகை, கடன் தவணை, கல்விக் கட்டணம் என்று பலரும் பெரிய தொகைகளை அனுப்பும் நாள். மாலை ஆறரை மணியளவில் கூட்டு வங்கியின் சர்வர் தளரத் தொடங்கியது. முற்றாக நின்றிருந்தால் சேதம் குறைந்திருக்கும்; கோரிக்கையே உள்ளே நுழைந்திருக்காது. கூட்டு வங்கியோ கோரிக்கைகளை வாங்கிக்கொண்டது, பற்றும் வைக்கச் செய்தது, பதிலை மட்டும் காலம் கடந்து அனுப்பியது. காத்திருக்கும் நேரம் முடிந்தபின் வந்த பதில்களை நிறுவனத்தின் சர்வர் கண்டுகொள்ளவில்லை. அவை ஒரு பதிவேட்டில் போய்க் குவிந்தன.

திரை ‘மீண்டும் முயலவும்’ என்றது. மக்கள் மீண்டும் முயன்றார்கள்.

ஒரு பெண் வீட்டு வாடகையை அனுப்பினார். தோல்வி. மறுபடி அனுப்பினார். மறுபடியும் தோல்வி. மூன்றாம் முறை வெற்றி என்று வந்ததும் நிம்மதியாகக் கைபேசியை வைத்துவிட்டார். இரவில் வங்கியின் குறுஞ்செய்திகளைப் பார்த்தபோது மூன்று பற்றுகள் இருந்தன. அந்த மாதத்தின் மற்ற செலவுகளுக்கு வைத்திருந்த பணம் கணக்கில் இல்லை.

மருந்துக் கடை நடத்தும் ஒருவரிடம் வந்தவர் தம் கணக்கில் பற்று வைக்கப்பட்ட குறுஞ்செய்தியைக் காட்டினார். கடைக்காரரின் கைபேசிக்கு எதுவும் வரவில்லை. அவசரம் என்று தெரிந்ததால் மருந்தைக் கொடுத்துவிட்டார். அடுத்து வந்தவரும் அதே போன்ற குறுஞ்செய்தியைக் காட்டினார். இம்முறை கொடுக்க மறுத்தார். கடையில் வாக்குவாதம் நடந்தது. இரண்டு வாங்குபவர்களும் உண்மையே சொன்னார்கள். கடைக்காரர் செய்த இரண்டும் நியாயமானவைதான். அந்த இடத்தில் இல்லாத மூன்றாவது தரப்பு ஒன்றுதான் தவறான தகவலைக் கொடுத்திருந்தது. திட்டு வாங்கியவர்களோ எதிரெதிரே நின்றவர்கள்.

சேவை மையத்தில் அழைப்புகள் குவிந்தன. ஊழியர்களின் கையில் ஒரே வாசகம் இருந்தது: 72 மணி நேரத்துக்குள் பணம் திரும்பிவிடும். பணம் உண்மையிலேயே நடுவில் மாட்டிக்கொண்டவருக்கும் அதே வாசகம்; பணம் பெறுபவரைச் சென்றடைந்துவிட்ட நிலையில் வீணாகப் பதறி அழைத்தவருக்கும் அதே வாசகம். இரண்டாமவர் தம் பணம் திரும்பி வரும் என்று நம்பி வேறு வழியில் இன்னொரு முறை செலுத்தினார். ஒலிப்பதிவுகளில் ஊழியர்கள் பொறுமையாகவே பேசுகிறார்கள். பொறுமைக்குக் குறைவில்லை, தகவல்தான் அவர்களிடம் இல்லை.

ஒன்பது மணியளவில் வங்கியின் சர்வர் சீரானது. தொழில்நுட்பக் குழு கோளாறு தீர்ந்ததாகக் குறித்து அறிக்கையை மூடியது.

## கவனிக்கப்பட்டவை

மறுநாள் வங்கியின் தீர்வுக் கோப்பு, அதாவது எந்தெந்தப் பரிவர்த்தனையில் பணம் உண்மையில் நகர்ந்தது என்ற பட்டியல், வந்தது. அதை நிறுவனத்தின் பதிவுகளோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, எது உண்மையில் நடந்தது, எது நடக்கவில்லை என்று பிரிக்கும் வேலை தொடங்கியது. இரண்டாம் நாள் முதல் பணம் திரும்பத் தொடங்கியது. மூன்றாம் நாள் முடிவில் பெரும்பாலானோருக்குக் கிடைத்துவிட்டது. வாக்களித்த 72 மணி நேரம் ஏறத்தாழ காப்பாற்றப்பட்டது என்றே சொல்ல வேண்டும்.

அடுத்த வார நிர்வாகக் கூட்டத்தின் குறிப்புகளை இரண்டு முறை படித்தேன். செயலியைத் திறக்கும் எண்ணிக்கை உயர்ந்திருக்கிறது, இருப்பு பார்க்கும் எண்ணிக்கை அதைவிட உயர்ந்திருக்கிறது, ஆகவே கோளாறு பயனர் ஈடுபாட்டைப் பாதிக்கவில்லை என்று அதில் எழுதியிருந்தது. கூட்டத்தில் இருந்த எவரும் அந்த வரியை மறுக்கவில்லை.

சேவை மையப் பொறுப்பாளர் மட்டும் அதன்பின் தனியாக ஒரு வேலை செய்தார். இருப்பு பார்ப்பது எப்போது நடக்கிறது என்று பதிவுகளில் தேடினார். பணம் அனுப்புவதற்கு முன் ஒரு முறை, அனுப்பியதும் ஒரு முறை, சற்று நேரம் கழித்து இன்னொரு முறை. கோளாறுக்கு முன் இதே ஆட்கள் அனுப்பிவிட்டு வெளியேறிவிடுவார்கள். இப்போது ஒவ்வொரு முறையும் கூடவே நின்று காவல் காக்கிறார்கள். நிர்வாகம் ஈடுபாடு என்று பார்த்தது சந்தேகத்தின் அளவை.

அந்த நூலைப் பிடித்துப் போனதும் மற்றவையும் வெளிப்பட்டன. செயலியின் பணப்பையில் இருப்பு வைத்திருந்தவர்கள் அதை வங்கிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். சிறு தொகைகளுக்கான பயன்பாடு அநேகமாக அப்படியே இருந்தது. பெரிய தொகைகளை அனுப்புவது நின்றுபோயிருந்தது. ஒரே பெறுபவருக்கு முதலில் மிகச் சிறிய தொகையை அனுப்பிச் சோதித்துவிட்டு, பிறகு முழுத் தொகையை அனுப்புவது புதிய வழக்கமாகியிருந்தது. வணிகர்கள் தங்களுக்கு வந்த பணத்தை அன்றன்று மாலையே வேறிடத்துக்கு மாற்றினார்கள். செயலியை நீக்கியவர்கள் மிகக் குறைவு. நிர்வாகம் எண்ணிக்கொண்டிருந்ததோ நீக்கியவர்களைத்தான்.

பணம் திரும்பக் கிடைத்தவர்களோடு பேசியபோது, நான் எதிர்பார்த்த கோபம் பலரிடம் இல்லை. வாடகை அனுப்பிய பெண் சொன்னது: “பணம் வந்துவிட்டது, அதில் குறையில்லை. ஆனால் அந்த மூன்று நாள் அது எங்கே இருந்தது என்று கேட்டேன், யாரும் சொல்லவில்லை. தோல்வி என்று எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அதற்கும் பதில் இல்லை.”

நம்பிக்கையைப் பற்றிய ஆய்வுகளில் மேயர், டேவிஸ், ஷூர்மன் ஆகிய மூவர் 1995 இல் எழுதிய கட்டுரை அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. ஒருவரை நம்புவதற்கு மூன்று காரணங்களை அவர்கள் பிரித்துக்காட்டுகிறார்கள்: செய்யும் திறன், நம்மீது நல்லெண்ணம், நேர்மை. புகார்களை இந்த மூன்று தலைப்புகளில் அடுக்கிப் பார்த்தேன். சர்வர் தளர்ந்ததற்காக, அதாவது திறனுக்காக, எழுதியவர்கள் சிலர்தான். இயந்திரம் என்றால் பழுதாகும் என்று மக்களுக்குத் தெரியும். பெரும்பாலான கடிதங்களின் உள்ளடக்கம் மூன்றாவது தலைப்பில்தான் விழுந்தது. நடந்ததை நடக்கவில்லை என்று சொன்னார்கள் என்பதே குற்றச்சாட்டு. நிறுவனமோ முதல் தலைப்புக்கான பதிலை எழுதிக்கொண்டிருந்தது: சர்வர் திறனைக் கூட்டியிருக்கிறோம், கூடுதல் கருவிகள் வாங்கியிருக்கிறோம்.

இதற்கிடையே வேறொரு கும்பல் வேலையைத் தொடங்கியிருந்தது. கோளாறு பற்றிய செய்தி பரவிய மறுநாளே, நிறுவனத்தின் பெயரில் போலி அழைப்புகள் வந்தன. ‘உங்களுக்குத் திரும்ப வேண்டிய பணம் தயாராக இருக்கிறது, திரையில் வரும் கோரிக்கையை ஏற்றுக் கடவு எண்ணை இடுங்கள்.’ திரையில் வந்தது பணம் கேட்கும் கோரிக்கை. கொடுக்கும் அறிவிப்பு போலத் தோற்றம் தரும்படி அதன் குறிப்பு எழுதப்பட்டிருந்தது. பணி ஓய்வு பெற்ற ஒருவர் அதை ஏற்று, கோளாறில் மாட்டிய தொகையைப் போலப் பல மடங்கை இழந்தார். இரண்டு நாளாக நிறுவனத்திடமிருந்து அழைப்பை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவர் அவர். அழைப்பு வந்தது, நம்பினார். நிறுவனம் பேசாமல் விட்ட இடத்தில் திருடர்கள் பேசினார்கள்.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

சேவை மையப் பொறுப்பாளரின் குறிப்பு மேலே போனபின் நிர்வாகம் விழித்துக்கொண்டது. அடுத்து வந்த முடிவுகளில் நான்கை எழுதுகிறேன், மற்றவை வழக்கமானவை.

முதலாவது, திரையில் மூன்றாவது பதில். கேட்பதற்கு எளிய மாற்றம். நடந்த சண்டைகளிலேயே நீண்டது இதுதான். சந்தைப்படுத்தல் பிரிவுக்குத் ‘தெரியவில்லை’ என்ற சொல்லே பிடிக்கவில்லை. பணத்தை ஒப்படைத்த இடத்தில் ‘தெரியவில்லை’ என்று வந்தால் யார் நம்புவார்கள் என்று கேட்டார்கள். ‘செயலாக்கத்தில் உள்ளது’ என்று போடலாம் என்றார்கள். பொறுப்பாளர் மறுத்தார்: அது நடந்துகொண்டிருப்பதாகச் சொல்கிறது, அதுவும் நமக்குத் தெரியாத ஒன்று. கடைசியில் ஏற்கப்பட்ட வாசகம் இது:

‘வங்கியிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டிருக்கலாம். இப்போது மீண்டும் அனுப்ப வேண்டாம். இன்று இரவு 10 மணிக்குள் முடிவை இதே பக்கத்தில் தெரிவிப்போம்.’

இதிலுள்ள நான்காவது வாக்கியம்தான் பொறியாளர்களுக்குப் பெரும் சுமையைக் கொடுத்தது. முதல் மூன்றை எழுதிவிட்டுப் போகலாம். நான்காவதைக் காப்பாற்ற, சர்வர் வங்கியிடம் திரும்பத் திரும்ப நிலையை விசாரிக்க வேண்டும். தாமதமாக வரும் பதில்களைப் பதிவேட்டில் குவிக்காமல் உரிய பரிவர்த்தனையோடு சேர்க்க வேண்டும். பத்து மணிக்கும் பதில் இல்லையென்றால் அதையும் பயனரிடம் சொல்ல வேண்டும். கூடவே, ஒரே கோரிக்கை இருமுறை வந்தால் ஒருமுறை மட்டுமே பற்று வைக்கும்படி ஒவ்வொரு கட்டணத்துக்கும் தனி அடையாள எண் கொடுக்கப்பட்டது. பயனர் மறுபடி பொத்தானை அழுத்தினால் புதிய எண் உருவாகாது, பழைய எண்ணே போகும். இந்தத் துறையில் பழைய உத்திதான். முன்பே இருந்திருக்க வேண்டியது.

இரண்டாவது முடிவு பணத்தைத் திருப்பித் தரும் வேகம். சிறு தொகைகளை, வங்கியின் தீர்வுக் கோப்புக்குக் காத்திராமல், நிறுவனம் தன் சொந்தப் பணத்திலிருந்தே உடனே வரவு வைக்கலாம் என்று பொறுப்பாளர் முன்மொழிந்தார். நிதி அலுவலர் எதிர்த்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது: பரிவர்த்தனை பிறகு வெற்றியாக முடிந்தால், பெறுபவருக்கும் பணம் போயிருக்கும், அனுப்பியவருக்கும் நாம் கொடுத்திருப்போம். பெரிய கோளாறு ஒன்று வந்தால் இந்த இரட்டைக் கொடுப்பனவே நிறுவனத்தைச் சாய்த்துவிடும். மேலும், இது தெரிந்துவிட்டால் பொய்யாகப் புகார் கொடுப்பவர்கள் முளைப்பார்கள்.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையை இருவரும் அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். யு.பி.ஐ. வழியே ஒருவர் அனுப்பிய பணம் பற்று வைக்கப்பட்டும் பெறுபவரைச் சேரவில்லை என்றால் அடுத்த நாளுக்குள் தானாகவே திரும்ப வேண்டும். வணிகருக்குச் செலுத்தியதில் உறுதிப்பாடு வரவில்லை என்றால் ஐந்து நாட்கள். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் வாடிக்கையாளர் கேட்காமலே. இந்த நிறுவனத்துக்கு அப்படிப்பட்ட விதி எதுவும் பொருந்தாது. ஆனால் ‘கேட்காமலே’ என்ற கூறு நிதி அலுவலரை அசைத்தது. புகார் கொடுத்தவருக்கு மட்டும் கொடுத்தால்தானே பொய்ப் புகார் வரும். பதிவுகளைக் கொண்டு நாமே அடையாளம் கண்டு கொடுத்தால் அதற்கு இடமில்லை என்று அவரே வாதத்தைத் திருப்பினார். முடிவில் ஒரு வரம்புக்குக் கீழுள்ள தொகைகளுக்கு உடனடி வரவு, பின்னர் வெற்றியானால் சரிக்கட்டப்படும் என்ற முன்னறிவிப்போடு. அதற்கு மேற்பட்ட தொகைகளுக்கு, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஊழியர் பொறுப்பு; வாடிக்கையாளர் ஒவ்வொரு அழைப்பிலும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, நடந்ததை வெளிப்படையாக எழுதுவது. வரைவின் முதல் வடிவம் ‘கூட்டு வங்கியில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறால்’ என்று தொடங்கியது. சட்ட ஆலோசகருக்கு அதுவே பாதுகாப்பானது. அதில் பொய்யும் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் அந்த வங்கியோடு எந்த உறவும் வைத்துக்கொள்ளவில்லை. அவர் பார்த்தது இந்தச் செயலியின் திரையை. தலைமை நிர்வாகி வங்கியைப் பற்றிய வரியை இரண்டாம் பத்திக்குத் தள்ளிவிட்டு, முதல் பத்தியில் இப்படி எழுத வைத்தார்: வங்கியின் பதில் வராதபோது எங்கள் செயலி ‘தோல்வி’ என்று காட்டியது, அது எங்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோலச் சொன்ன வாசகம். ஆலோசகர் தம் மறுப்பை எழுத்தில் பதிவுசெய்தார். அறிக்கை போனது.

நான்காவது, மோசடியைத் தடுப்பதற்கான பேச்சுவிதி. பணம் திரும்புவது பற்றி நிறுவனம் யாரையும் தொலைபேசியில் அழைக்காது, குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்பாது, எல்லாம் செயலிக்குள் இருக்கும் அறிவிப்புப் பக்கத்தில் மட்டுமே வரும். பணம் பெறுவதற்குக் கடவு எண் ஒருபோதும் தேவைப்படாது என்பது அந்தப் பக்கத்தின் முதல் வரி. பணம் கேட்கும் கோரிக்கைத் திரையின் நிறமும் மாற்றப்பட்டது. ‘இதை ஏற்றால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகும்’ என்று தொகையோடு பெரிய எழுத்தில் வரும். அந்த வசதியையே எடுத்துவிடலாம் என்றும் பேசினார்கள். விற்பனைக் குழு விடவில்லை. இந்தியாவில் யு.பி.ஐ.யின் தனிநபர்களுக்கு இடையிலான கோரிக்கை வசதி 2025 அக்டோபரில் நிறுத்தப்பட்டதை நினைக்கும்போது, அந்தப் பேச்சு முன்கூட்டியே சரியான திசையில் போயிருந்ததாகவே எனக்குப் படுகிறது.

ஓய்வு பெற்றவரின் இழப்பு மட்டும் நெடுநாள் முடிவாகாமல் கிடந்தது. அவரே கடவு எண்ணை இட்டதால் நிறுவனத்தின் விதிப்படி பொறுப்பு அவருடையது. பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல், ஏமாற்றப்பட்டுத் தாமே பணம் அனுப்பியவர்களுக்கும் 85,000 பவுண்டு வரை கட்டணச் சேவை நிறுவனங்கள் ஈடு தர வேண்டும். அனுப்பிய தரப்பும் பெற்ற தரப்பும் அந்தச் சுமையைப் பாதிப் பாதியாகப் பகிர்கின்றன. பிரேசிலின் உடனடிக் கட்டணச் சேவையான பிக்ஸில் 2021 முதல் மோசடிப் பணத்தைப் பெற்ற கணக்கிலேயே முடக்கித் திருப்புவதற்கான தனி ஏற்பாடு உள்ளது. இவற்றையெல்லாம் அலசிய பிறகு, மோசடிக்காரரின் கணக்கில் மிஞ்சியிருந்ததை மீட்டுக் கொடுத்ததோடு, மீதியில் ஒரு பகுதியை நிறுவனம் ஏற்றது. நல்லெண்ணக் கொடை என்று அதற்குப் பெயரிட்டார்கள். அவர் பெற்றுக்கொண்டார், கடமை என்று பெயரிட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று அவருடைய மகன் சொன்னார்.

## தொடர்ந்து நடந்தவை

சில மாதங்களுக்குப் பிறகு கூட்டு வங்கி மறுபடியும் தளர்ந்தது; இம்முறை குறுகிய நேரம். புதிய வாசகம் முதன்முதலாகப் பலருடைய திரையில் வந்தது. மறுமுயற்சிகள் பெரிதும் குறைந்திருந்தன. சேவை மையத்துக்கு வந்த அழைப்புகளும் குறைவு. அவற்றின் தன்மையும் வேறு. ‘பணம் எங்கே’ என்று கேட்டவர்களைவிட ‘பத்து மணிக்குத்தானே, சரி’ என்று உறுதிசெய்துகொண்டவர்கள் அதிகம். பத்து மணிக்குச் சற்று முன்பே முடிவுகள் வந்துவிட்டன. அறிவிப்புப் பக்கத்தைத் திறக்காத சிலர் மட்டும் இரவெல்லாம் கவலைப்பட்டிருக்கிறார்கள். வழக்கமான குறுஞ்செய்தியை நிறுத்தியதன் விலை அது.

எதிர்பாராத தொல்லை ஒன்றும் வந்தது. இரட்டைப் பற்றைத் தடுக்கும் காவல், ஒரே தொகையை ஒரே பெறுபவருக்குச் சில நிமிடங்களுக்குள் இருமுறை அனுப்புவதையும் தடுத்தது. ஒரே கைபேசியிலிருந்து இரண்டு பேருக்கான கட்டணத்தைத் தனித்தனியாகச் செலுத்துபவர்கள் இதில் மாட்டினார்கள். காவலைத் தளர்த்தி, ‘இதே தொகையைச் சற்றுமுன் அனுப்பினீர்கள், இது புதிய கட்டணமா?’ என்ற கேள்வியாக மாற்றினார்கள்.

செலுத்துவோரிடம் மாற்றம் மெல்லத் தெரிந்தது. அனுப்பியபின் இருப்பு பார்க்கும் பழக்கம் தேய்ந்தது. பணப்பை இருப்பு ஓரளவு திரும்பியது. பெரிய தொகைகளை அனுப்பும் வழக்கம் திரும்பவில்லை என்றே சொல்ல வேண்டும். வாடகை அனுப்பிய பெண் இன்றும் செயலியை அன்றாடச் சிறு செலவுகளுக்குப் பயன்படுத்துகிறார், வாடகையை வங்கியின் வழியே நேராக அனுப்புகிறார். கோளாறைச் சிறப்பாகச் சரிசெய்தால் வாடிக்கையாளர் முன்பைவிட விசுவாசமாவார் என்ற கருத்து ஒன்று சேவைத் துறையில் உண்டு. 1992 இல் அதற்கு ‘சேவை மீட்பு முரண்’ என்று பெயர் வைத்தார்கள். நிர்வாகக் கூட்டத்தில் இதைச் சொல்லி நம்பிக்கையூட்ட ஒருவர் முயன்றார். இந்த நிகழ்வில் அதற்கான அடையாளம் எதையும் நான் காணவில்லை. பணம் சம்பந்தப்பட்ட இடத்தில், இழந்த நிலைக்குத் திரும்புவதே பெரிய காரியம்.

வணிகர்கள் கதை வேறு. நான்கு முடிவுகளில் ஒன்றுகூட அவர்களை முன்னிறுத்தி எடுக்கப்படவில்லை என்பதை அவர்கள்தான் முதலில் கவனித்தார்கள். செலுத்துபவரின் திரையில் ‘பதில் வரவில்லை’ என்று வருகிறது. வணிகரின் திரையில் எதுவுமே வருவதில்லை. மருந்துக் கடைக்காரர் சொன்னது: “வாங்குபவர் காட்டும் திரையை நான் நம்ப வேண்டுமா, வேண்டாமா? அவர் காட்டுவது ஸ்கிரீன்ஷாட்டா, உண்மையா என்று எனக்கு எப்படித் தெரியும்? என் கைபேசி சொன்னால்தான் எனக்குச் செய்தி.” அவர் சொல்வதற்கு இந்தத் துறையின் தொடக்கத்திலேயே விடை இருந்திருக்கிறது. கென்யாவில் 2007 இல் தொடங்கிய எம்-பேசா சேவையில் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் தனித்தனியே உறுதிப்படுத்தும் குறுஞ்செய்தி போகும். சாதாரணக் கைபேசியிலேயே அது வேலை செய்தது. பின்னாளில் வந்த பளபளப்பான செயலி ஒன்று அந்தச் சமநிலையைக் கோட்டைவிட்டிருந்தது.

மாலைதோறும் பணத்தை வெளியே மாற்றும் வணிகர்களின் வழக்கம் இந்த ஆய்வு முடியும்வரை மாறவில்லை.

## மாற்ற வேண்டியவை

அறிக்கையில் நான் முதலில் வைத்த பரிந்துரை வணிகரின் திரையைப் பற்றியது. செலுத்துபவருக்கு ‘பதில் வரவில்லை’ என்று காட்டும் அதே நொடியில், பெறுபவருக்கும் ‘ஒரு கட்டணம் வழியில் இருக்கிறது, இன்னும் வரவில்லை’ என்று தொகையோடு காட்ட வேண்டும். மருந்துக் கடையில் நின்ற மூவரும் அப்போது ஒரே தகவலை வைத்துக்கொண்டு பேசியிருப்பார்கள். உறுதியாகாத கட்டணத்தை வணிகரிடம் காட்டினால் அதையே வரவு என்று எடுத்துக்கொண்டு பொருளைக் கொடுத்துவிடுவார் என்று பொறியாளர்கள் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம், சில கடைகளில் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, கூட்டு வங்கியுடனான ஒப்பந்தம். சர்வர் எத்தனை நேரம் இயங்க வேண்டும் என்பதற்கு அதில் விரிவான விதிகள் உள்ளன. ஒரு பரிவர்த்தனையின் நிலை என்ன என்று கேட்டால் எவ்வளவு நேரத்தில் பதில் தர வேண்டும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. பத்து மணி வாக்குறுதி இன்று வங்கியின் தயவில் நிற்கிறது. புதுப்பிக்கும்போது அந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்று எழுதினேன். நிதி அலுவலர் அதன் பக்கத்தில் பென்சிலால் குறியிட்டார்.

மூன்றாவது, கோளாறு தீர்ந்தது என்று குறிக்கும் அதிகாரம் யாருக்கு என்பது. தொழில்நுட்பக் குழு அன்றிரவு ஒன்பது மணிக்கு அறிக்கையை மூடியபோது, வாடகை அனுப்பிய பெண் தம் குறுஞ்செய்திகளை இன்னும் பார்க்கவே இல்லை. கடைசிப் பரிவர்த்தனைக்கு முடிவு தெரியும்வரை அறிக்கையைத் திறந்தே வைத்திருக்கும் பொறுப்பைச் சேவை மையத்திடம் கொடுக்க வேண்டும் என்பது பரிந்துரை. நிர்வாகம் இதை உடனே ஏற்றுக்கொண்டது. செலவில்லாதது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வாராந்திர அறிக்கையில், செயலியைத் திறக்கும் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஒரு புதிய அளவு சேர்ந்திருக்கிறது: பணம் அனுப்பியபின் இருப்பு பார்த்தவர்கள். அது உயர்ந்தால் விளக்கம் கேட்கப்படும். வணிகர்களுக்கு இணையான அளவு, அதாவது அன்றன்றே பணத்தை வெளியே மாற்றுவோரின் பங்கு, இன்னும் சேர்க்கப்படவில்லை. அதைத் தொகுக்கும் வேலையை யார் எடுத்துக்கொள்வது என்பதில் விற்பனைக் குழுவும் சேவை மையமும் இன்னும் உடன்படவில்லை.